இடது முட்டியின் ஆட்சிக்காலம்

மார்ச் 4, செவ்வாய்

முட்டி மாற்று அறுவை முடிந்து எட்டாம் நாள். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பதினோரு அடி. முன்னால் என் மனைவி, இந்த வீட்டின் மேலிடம். நடுவில் வாக்கரோடு நான். பின்னால் என் நாய் சீமாட்டி. இவ்வளவு பரிவாரத்தோடு எந்த மன்னனும் கழிவறைக்குப் போயிருக்க மாட்டான்.

டாக்டர் நேற்று ஒரே வரியில் முடித்துவிட்டார். "நடக்கலாம். ஓடக் கூடாது. எப்பவுமே."

இருபத்திரண்டு வருடமாக நாய்களுக்கும் நாய்க்காரர்களுக்கும் தடை ஓட்டம் கற்றுக்கொடுப்பவன் நான். நாய் கம்பி தாண்டும், டனலுக்குள் புகும், நட்ட கம்புகளுக்கிடையே நெளிந்து ஓடும். கூடவே ஓடி வழிகாட்ட ஒரு மனிதன் வேண்டும். அந்த மனிதனிடம் ஓடாதே என்பது மீனிடம் நனையாதே என்பது மாதிரி.

சீமாட்டிக்கு ஏழு வயது. ஏப்ரல் 27 மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. இந்த வருடம் விட்டால் அவளுக்கு இனி இல்லை.

மார்ச் 8, சனி

அக்கா மகள், அதாவது என் மருமகள், சம்மதித்துவிட்டாள். தொழில் பிசியோதெரபி. காலை மடக்கு, நீட்டு என்று தினமும் என் உயிரை எடுப்பவளும் அவள்தான். மூன்று வருடமாகத் தன் கிழட்டு நாயோடு என்னிடம் பழகியவள்.

"சீமாட்டிய நான் ஓட்டுறேன் மாமா. ஆனா நீங்க ஓரமா உக்காந்து கத்தக் கூடாது."

நானா கத்துகிறேன்? என் குரல் தென்றல். மைதானத்துக்கு அப்பால் ரயில் நிலையத்தில் ஒருமுறை மூன்று பேர் பயந்து தப்பான வண்டியில் ஏறிவிட்டார்கள் என்பது வெறும் வதந்தி.

மார்ச் 9, ஞாயிறு

படுதோல்வி. நேராக என்றால் சீமாட்டி ராக்கெட். இடது திருப்பம் வந்தால் சிலை. மருமகள் தோளைத் திருப்பினாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே, அச்சு அசலாக. நாய் நின்றது. அவள் காலைப் பார்த்தது. பிறகு மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்து, நாற்காலியில் இருந்த என் மடியில் தலையை வைத்தது.

நான்கு முறை இதே கதை.

"மாமா, நீங்க கண்ணுல பட்டா இவ எங்கிட்ட வேலை செய்ய மாட்டா. கார்ல போய் உக்காருங்க."

என் மைதானத்திலிருந்து எனக்கே நாடு கடத்தல்.

மார்ச் 12, புதன்

காருக்குள் சிறைவாசம். கண்ணாடி ஏற்றி, சீட்டைச் சாய்த்து, தலையில் துண்டு. கடந்து போன ஒரு மாணவர் குனிந்து பார்த்து, "சார், ஒளிஞ்சிருக்கீங்களா?" என்றார். தியானம் என்றேன்.

ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் லேசாகக் கேட்கிறது. "வா... வா... ஏம்மா நிக்கிற?" ஒரு மணி நேரம் அதே 'ஏம்மா நிக்கிற'. கதவைத் திறக்கக் கை போனது. போய் என்ன செய்வேன்? வாக்கரை வைத்துக்கொண்டு ஆடவா?

மார்ச் 15, சனி

சீமாட்டி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. துக்கத்தில் நானும் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான். மேலிடம் இதைப் படிக்க நேர்ந்தால் மூன்று தட்டு தின்ற கணக்கை எடுத்து விடும்.

மார்ச் 19, புதன்

இன்று ஒரு சாம்ராஜ்யம் சரிந்தது.

மருமகள் என் பழைய போட்டி வீடியோக்களைக் கேட்டு வாங்கினாள். நாயைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும்.

"மாமா, உங்க தோள் லேட்டா வருது. அதுக்குள்ள இவ திரும்பியாச்சு."

"என் தோளா? லேட்டா? ஊர் உலகமே..."

"ஊர் உலகம் கிடக்கட்டும். முட்டியப் பாருங்க."

பார்த்தேன். ஒவ்வொரு இடது திருப்பத்துக்கும் சற்று முன்னால் என் இடது முட்டி துவண்டு, உடம்பே ஒரு குட்டி வணக்கம் போடுகிறது. அந்த நொடியில் சீமாட்டி திரும்புகிறாள். ஆறு வீடியோ. ஆறிலும்.

'நாய் தோளைப் படிக்கும்' என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தேன்! அவர்கள் நாய்கள் தோளைத்தான் படிக்கின்றன. என் நாய் என் வலியைப் படித்திருக்கிறது. அந்த அரிய நுட்பத்தைத்தான் டாக்டர் வெட்டி வாளியில் போட்டுவிட்டார்.

"இப்ப என்ன பண்றது?"

"நொண்ட வேண்டியதுதான்."

"யாரு?"

"நீங்களா ஓடப் போறீங்க?"

மார்ச் 22, சனி

கார்க் கண்ணாடியில் ஓர் அங்குல இடைவெளி வாங்கிக்கொண்டேன். மருமகள் நொண்டினாள். அப்படியே நான். முள் மிதித்த வாத்து ஒன்று பேருந்தைத் துரத்துவது போல. மைதானமே சிரித்தது. சீமாட்டி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பினாள். டனலுக்குள் பாய்ந்தாள்.

நான் இப்படியா இருந்தேன்? வீட்டில் கேட்டேன், ஏன் யாரும் சொல்லவில்லை என்று.

"ஆறு வருஷமா டாக்டர்கிட்ட போங்கன்னு யாரு தொண்டை கிழியக் கத்தினது? பக்கத்து வீட்டுக்காரியா?" என்றது மேலிடம்.

ராத்திரி சாப்பாட்டுக் கிண்ணத்தைச் சீமாட்டி நக்கித் துடைத்துவிட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலமெல்லாம் நொண்டினால் மருமகளின் இடுப்பு போய்விடும். வேகமும் போதாது. வழி எனக்குத் தெரியும். அதுதானே என் பிழைப்பு. பழைய சைகையோடு புதியதைச் சேர்த்துக் காட்டு. பிறகு பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. நாய்க்கே தெரியாமல் பழையது கரைந்துவிடும்.

நானே அட்டவணை போட்டுக் கொடுத்தேன். இந்த வாரம் தோளும் முழு நொண்டலும். அடுத்த வாரம் முக்கால். போட்டியன்று அரை. ஜூனில் பூஜ்யம்.

"மாமா, நிச்சயமாவா?" என்றாள்.

நிச்சயமாத்தான். அந்தப் பூஜ்யத்த எழுதுறப்ப பேனா ஏன் நின்னுச்சு? தெரிஞ்சேதான் செய்றேன். வேற என்ன செய்ய முடியும் என்னால?

ஏப்ரல் 27, ஞாயிறு

வாகன நிறுத்தத்தில், ஏற்றிய கண்ணாடிக்குள். ஒலிபெருக்கி அவர்கள் எண்ணைச் சொன்னது. விசில். அதற்கப்புறம் நாற்பது விநாடி. நான் பிறந்ததிலிருந்து அறுபது வயது வரை எடுத்துக்கொண்ட காலம் அதில் பாதிகூட இருக்காது.

கைதட்டல். யாருக்கு? விழுந்ததற்கா, முடித்ததற்கா? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மருமகள் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள். ஒரு கம்பி விழுந்ததாம். ஐந்தாம் இடம். ஐந்து பேரைத்தான் எடுக்கிறார்கள்.

"நடுவர் கேக்கிறார் மாமா, கால்ல அடிபட்டிருக்கான்னு. குடும்ப வியாதின்னு சொல்லிட்டேன்."

ஜூன் 15, ஞாயிறு

காலையில் மைதானத்தில், எல்லாரும் பார்க்க, நாற்காலியில் உட்கார்ந்தேன். இனி ஒளிய வேண்டியதில்லை. மருமகள் நிமிர்ந்து ஓடினாள், அம்பு மாதிரி. தோள் திரும்பியது, சீமாட்டி திரும்பினாள். நாற்காலியைத் தாண்டிப் போகும்போது என் பக்கம் காதைக்கூட அசைக்கவில்லை.

மதியம். வீட்டுத் தாழ்வாரத்தில் நானும் சீமாட்டியும். என் புது முட்டி அடிஸ்கேல் மாதிரி நேர். யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, என்னைப் பார்த்து வந்தவள் முன்னால் இடது முட்டியைப் பழையபடி துவள விட்டேன்.

என் முகத்தைப் பார்த்தாள். வாலை ஆட்டினாள். நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனாள்.

இன்னொரு முறை செய்தேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, மறுபடியும் முட்டி வலிக்குதா?"

"இல்லம்மா," என்றேன். "சுத்தமாப் போயிடுச்சு."