வண்டி நிற்கும் இடம்

பிப்ரவரி 9

என் அன்பு வாயாடிக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டையில் போய் முடிகிறது, இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று நீதான் சொன்னாய். எழுத ஒரு காரணம் தானாக வந்து சேர்ந்திருக்கிறது.

நம் காருக்கு, வண்டி நிற்கிற ஊருக்குக் கட்ட வேண்டிய சொத்து வரியைக் கட்டச் சொல்லி வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. உன் பெயர், என் பெயர் இரண்டையும் போட்டிருக்கிறார்கள். நீ வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போய் எட்டு மாதம் ஆகிறது. காரும் உன்னோடுதான் போனது. அது அவர்களுக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரில் போனேன். லென்ஸ் தீட்டுகிற மெஷினில் உட்கார வேறு ஆள் இல்லை, முதலாளி முகத்தைச் சுளித்தார். வரி அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டரில் ஒரு அம்மா.

"வண்டி இப்ப எங்க நிக்குது சார்?"

"என் மனைவி வேலை பாக்குற ஊர்ல."

"அங்க எந்த இடம்? வீட்டு வாசலா, தெருவா, வாடகை இடமா?"

எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் உன்னோடு குடித்தனம் நடத்தியவன், நம் வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லத் தெரியாமல் அந்த அம்மா முன்னால் திருதிருவென்று விழித்தேன்.

இன்னொன்று. கேட்கலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன். போன மாதம் நீ அனுப்பிய போட்டோவில் கார் கதவு திறந்திருக்கிறது. உனக்குப் பக்கத்து சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருக்கிறது. நான் உட்கார அவ்வளவு தள்ள வேண்டியதில்லை. யார் உட்காருகிறார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 17

என்னங்க,

உங்கள் கடிதம் கிடைத்தது. எட்டு மாதத்தில் முதல் கடிதம். ஆசையாகப் பிரித்தேன், உள்ளே வரி நோட்டீஸ். சரி, அந்தப் புண்ணியத்திலாவது எழுதினீர்களே.

கார் நான் குடியிருக்கும் கட்டடத்தின் பின்பக்கம், பதினான்காம் நம்பர் போட்ட இடத்தில் நிற்கிறது. ஆகஸ்டிலேயே இந்த மாநிலத்தில் பதிவு செய்து நம்பர் பிளேட்டை மாற்றிவிட்டேன். பழைய பிளேட்டைத் திருப்பிக் கொடுத்த ரசீது, புதிய பதிவின் நகல், என் வாடகை ஒப்பந்தம் எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன். வண்டி இப்போது அந்த ஊரில் இல்லை என்று, அதில் பாதி உரிமையுள்ள நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இவற்றோடு கொடுத்தால் வரியை நீக்கிவிடுவார்களாம். விசாரித்துவிட்டேன். பத்து நிமிட வேலை.

சீட்டில் உட்காருவது எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், தள்ளாவிட்டால் முழங்கால் முன்னால் இடிக்கும். இதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. இருவருக்கும் ஒரே ஷிப்ட் என்பதால் என்னோடு வருகிறார், பெட்ரோலில் பாதி அவருடையது. பதிவு அலுவலகத்தில் நான்கு மணி நேரம் என்னோடு வரிசையில் நின்றதும் அவர்தான். அன்றைக்கு உங்களுக்குப் போன் செய்தேன். கடையில் கூட்டம் என்று வைத்துவிட்டீர்கள்.

என்னைப் பிசியோதெரபிப் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். போன வாரம் ஒரு பஸ் டிரைவர், பக்கவாதம் வந்து நான்கு மாதம் கழித்து, கட்டிலிலிருந்து ஜன்னல்வரை தானாக நடந்தார். போய் நின்றுகொண்டு, "வெளிய மழை பேஞ்சிருக்கு போல" என்றார். நர்சுகள் உட்பட எல்லோரும் அழுதுவிட்டோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி


மார்ச் 2

வாயாடிக்கு,

காகிதங்கள் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டேன். பதிவு நகலின் அடியில் சாட்சிக் கையெழுத்து அவருடையது. சரி, வரிசையில் கூட நின்றவர், போட்டிருக்கிறார். வாடகை ஒப்பந்தத்தில், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும் என்று நினைத்தேன். அங்கேயும் அவர்தான்.

என் தங்கையிடம் காட்டினேன். "திடீர்னு ஒண்ணுன்னா நீ இங்கருந்து பறந்தா போவ? பக்கத்துல இருக்கிறவங்க பேரைத்தான அண்ணி போட முடியும்?" என்றாள். நியாயம்தான். நியாயம் மண்டைக்கு எட்டுகிறது, வயிறுதான் கேட்காமல் எரிகிறது.

நேற்றுக் கடைக்கு உயரமான ஆள் ஒருவர் வந்தார். இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்க, குனியச் சொன்னேன். பாவம், அவர் என்ன செய்தார்? ஆனாலும் இரண்டு தடவை தப்பாக அளந்தேன். "உன் கண்ணையே ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கப்பா" என்றார் முதலாளி.

அவர் கல்யாணமானவரா? போகும்போது என்ன பேசிக்கொள்வீர்கள்? சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரரைப் பற்றி ஒரு கதை கட்டுவாயே, அவருக்கு மாமியார் தொல்லை, இவர் கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணினார் என்று. இப்போது அதையெல்லாம் அவர் கேட்கிறார். பெட்ரோலில் பாதியைக் கொடுத்துவிட்டுக் கதையை முழுசாகக் கேட்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வரி அலுவலகத்துக்கு நாளை போகிறேன்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 4

வணக்கம்.

இன்று அரை நாள் வேலைக்குப் போகவில்லை. இங்குள்ள பதிவு அலுவலகத்தில் காரோடு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ஒரே வண்டி இரண்டு மாநிலத்தில் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறதாம். பொய் முகவரி கொடுத்துப் பதிவு செய்தேனா என்று விசாரணை. ஒரு அதிகாரி என்ஜின் நம்பரை டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு உள்ளே கூப்பிட்டு ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"இது யாரு எழுத்துன்னு தெரியுதாம்மா?"

'மேற்படி வாகனம் வழக்கமாக எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. என் மனைவி தற்காலிகமாக எடுத்துச் சென்றிருக்கிறார்.' கீழே உங்கள் கையெழுத்து. தேதி மார்ச் 3.

எனக்குத் தெரியாமலா போகும்? 'ழ'வின் வாலை இழுத்து அடுத்த வரியில் இடிக்கிற எழுத்து வேறு யாருக்கு இருக்கிறது? "என் வீட்டுக்காரர் எழுத்துதான்" என்றேன். அவர் "வீட்ல ஏதாவது பிரச்னையாம்மா?" என்று கேட்டார். முன்பின் தெரியாத மனிதர் என்னைப் பார்த்துப் பாவப்படும்படி வைத்துவிட்டீர்கள்.

எக்ஸ்ரேக்காரரின் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. காரில் என்ன பேசுவோம் என்று கேட்டிருந்தீர்கள். கதையெல்லாம் கட்டுவதில்லை. பெரும்பாலும் அவர்தான் கேட்பார். சாப்பிட்டீங்களா, தலைவலி விட்டுதா, நேத்து அந்த பேஷன்ட் நடந்தாரா என்று. நான் பதில் சொல்வேன். அவ்வளவுதான். என்மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்த நிமிடம் ஒன்று தோன்றியது. தப்பு செய்திருந்தாலும் இதே தண்டனைதானே கிடைத்திருக்கும் என்று. தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஏன் இப்படிச் செய்தீர்கள்?


ஏப்ரல் 12

என் அன்பு மனைவிக்கு,

கேட்டாய், சொல்கிறேன்.

அன்றைக்கு நீ அனுப்பியதையெல்லாம் கவரில் போட்டு எடுத்துக்கொண்டுதான் போனேன். கவுண்டர் அம்மா ஒரு படிவம் கொடுத்தார். 'வாகனம் வழக்கமாக நிற்கும் முகவரி' என்று ஒரு கோடு. உன் கட்டடத்தின் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். அந்த மூன்றாம் மாடி ஞாபகம் வந்தது. நம் வீட்டு முகவரியை எழுதிவிட்டேன். கேட்டதற்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது பார், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இந்த வீட்டுக்கு உன் பெயர் போட்டு வருகிற தபால் அந்த நோட்டீஸ் ஒன்றுதான். அது வருகிறவரை நீ இந்த வீட்டு ஆள். அதுவும் நின்றால் ஒவ்வொன்றாக நின்றுவிடும் என்று பயந்தேன். உன்னை இக்கட்டில் மாட்டிவிடும் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் செய்திருப்பேனோ என்னவோ. உன் பக்கத்தில் அவர் நின்ற அந்த நான்கு மணி நேரம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

நேற்றுப் போய் எல்லாவற்றையும் மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

"அப்ப முதல்ல எழுதினது பொய்யா சார்?"

"ஆமாம்மா."

"எதுக்கு சார்?"

"பொறாமை" என்றேன்.

அந்த அம்மா படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்ல சார். முகவரி தவறுன்னு போட்டுக்கறேன்."

அபராதம் கட்டிவிட்டேன். காரில் என் பாதியையும் உனக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இனி என்னால் யாரும் உன்னைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது, அது போதும். இந்த வாரத்தில் மட்டும் மூன்று ஜோடி லென்ஸ் உடைத்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 25

என்னங்க,

வரி அலுவலகத்துக் கடிதம் வந்தது. நம் கார் அவர்கள் பட்டியலில் இனி இல்லை. இங்கேயும் விசாரணையை மூடிவிட்டார்கள். திரும்பப் போய் உண்மையைச் சொல்வது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்காது. மன்னித்துவிட்டேன். நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை மனசாரத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் பயம், நிம்மதி, வெட்கம், உடைந்த லென்ஸ் எல்லாம் இருந்தது. அன்றைக்கு விசாரணை முடிந்து பதிவு அலுவலகத்திலிருந்து வெளியே வந்து நான் என்ன ஆனேன், எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று ஒரு வார்த்தை இருக்குமா என்று தேடினேன். கோபத்தில் சொல்லவில்லை. இல்லை என்பதைச் சொல்கிறேன்.

என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லிப் பிப்ரவரியிலேயே கேட்டார்கள். உங்களிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நேற்றுச் சரி என்று சொல்லிவிட்டேன். எக்ஸ்ரேக்காரருக்காக என்று உங்கள் மனசு ஓடும். அவர் அடுத்த மாதம் மகள் இருக்கும் ஊருக்கு மாற்றலாகிப் போகிறார். காலையில் நான் தனியாக ஓட்டிக்கொண்டு போவேன். அதுவும் எனக்குப் பிடிக்கும். அவரைப் பார்த்தே வயிறெரிந்துகொண்டிருந்ததில் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. எனக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது. காலையில் கண் விழிக்கும்போதே போக வேண்டும் என்று இருக்கிறது. பொறாமைப்பட வேண்டுமென்றால் அதைப் பார்த்துப் பட்டிருக்கலாம்.

கார்ப் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன். எனக்கு எழுதத் தோன்றினால் எழுதுங்கள், சாக்குத் தேடாமல் எழுதுங்கள். பதில் போடுவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

உங்கள் பிரஷர் மாத்திரைச் சீட்டு சமையலறை மேல்தட்டில், டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த மாதத்தோடு அது முடிகிறது, டாக்டரிடம் போய்ப் புதிதாக எழுதி வாங்க வேண்டும். உங்களுக்கு ஞாபகம் இருக்காது என்று உங்கள் தங்கையிடமும் சொல்லியிருக்கிறேன்.

நான்