ஒட்டிவிட்ட தடுப்பு

ஜூலை 12, சனி. கடையநல்லூர்.

மீன்தொட்டிக்கு அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டியில் இன்று தண்ணீரை அறை அறையாகப் பிரிக்கும் தடுப்புகள் வைத்தேன். துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் போன வாரமே சொன்னார்: “அக்ரிலிக் போடு. ஒட்டாம சொருகி வை. லீவுல வந்து நான் மாத்திக்கிடுதேன்.” அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடுதானே, தண்ணீரில் வளையும். சொருகினால் இடுக்கில் கசியும். கசிவு அவர் லீவு வரைக்கும் காத்திருக்காது. கண்ணாடி வாங்கி, சாரல் ஈரம் போகத் துடைத்து, சிலிக்கான் பசையால் ஒட்டிவிட்டேன்.

சாயங்காலம் வீடியோவில் காட்டினேன்.

“இனி மாத்த முடியாதுல்லா?” என்றார்.

“முடியாது மச்சான். உறுதியா நிக்கும்.”

“அப்ப நான் வந்து என்னத்த செய்ய?”

“மீனுக்குத் தீனி போடுங்க” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் செய்ததுதான் சரி. ஆனாலும் இப்போது போய்க் கடைசித் தடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். சிலிக்கான் இன்னும் விரலில் ஒட்டுகிறது. இன்றிரவு இழுத்தால் வந்துவிடும்.