உன் கல்யாணத்துக்குப் பந்தல்தான்

ஏரவாடா, புனே
11.5.2003

அன்பு மகள் பானுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் நம் பந்தல் கடையும் ரஃபீக்கும் அவனோடு கம்பு ஏற்றுகிற பிள்ளைகளும் மாரியம்மன் தயவில் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளை பாஸ்கரும் அதேபோல் இருக்க வேண்டும். நைட் டூட்டி முடிந்து வந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிடாதே, கல்யாணப் பெண் கன்னம் ஒட்டி வந்து நின்றால் பேச்சு என் தலையில்தான் விழும். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பதால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன், கஷ்டமாக இருக்கிறது என்று பாஸ்கரிடம் நீட்டாதே, அவர் அம்மாவைப் பற்றியும் இதில் இருக்கிறது. வீட்டுத் தகரத்துக்கு மழைக்கு முன்னால் தார் பூசியாகிவிட்டது, முகூர்த்த சீசன் என்பதால் கடையில் உட்காரக்கூட நேரமில்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தில், ஜூன் மாதம் மழை வந்துவிடும், பந்தல் வேண்டாம், ரூஃப் இருக்கிற இடமாகப் பார் அம்மா என்று எழுதியிருந்தாய், படித்துவிட்டுச் சிரித்தேன். பந்தல்காரி மகளே, எந்த ரூஃபைச் சொல்கிறாய்? நம் வீட்டுத் தகரமும் ரூஃப்தான், மங்கள் காரியாலயம் என்கிற இந்த ஊர்க் கல்யாண மண்டபத்து ஸ்லாபும் ரூஃப்தான். நம் கடைக்கு வருகிறவர்களையே எடுத்துக்கொள், தலைக்கு மேல் போடுவதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். மராத்திக்காரர்கள் மாண்டவ் என்று கேட்டால் வாசலில் மாவிலையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஷாமியானா என்று கேட்கிறவர்களுக்கு ஓரமெல்லாம் ஜாலர் தொங்காவிட்டால் மனசு ஆறாது. கேம்ப் பக்கம் சர்ச் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கேனபி என்பார்கள், அது கோயில் வாசலிலிருந்து கார் நிற்கிற இடம் வரைக்கும் நீள வேண்டும். உள்ளே மூங்கில் தெரியாமல் வெள்ளைத் துணி இழுத்துக் கட்டினால் அது சீலிங். வானம் கறுத்துவிட்டால் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் தாட்பத்ரி போடு, தாட்பத்ரி போடு என்று தார்ப்பாய் கேட்டுக் கத்துவார்கள். நம் ஆட்கள் கேட்பது பந்தல். இதில் எதைக் கேட்டாலும் கட்டத் தெரிந்தவள் நான், மழைக்குப் பயந்து மகளைக் காரியாலயத்துக்குள் ஒளித்து வைப்பேனா?

ஆனால் நீ மழைக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாதா கண்ணு. காரியாலயத்தில் பந்தக்கால் நட வேண்டியதில்லை. பந்தல் என்றால் கால் நட வேண்டும், அதைச் சுமங்கலிகள்தான் நட வேண்டும், உன் அப்பா இல்லாத என்னை அந்த நேரத்தில் ஓரமாக நிற்கச் சொல்லிவிடுவார்களே என்று பயந்துதான் ரூஃப், மழை என்று சுற்றி வளைத்திருக்கிறாய். நல்ல மனசுதான். ஆனால் எனக்கு அந்தப் பயம் இல்லை, ஏன் என்று சொல்கிறேன் கேள். அப்பா போனதிலிருந்து நம் ஆட்கள் கல்யாணத்துக்குக் கால் நடும்போதெல்லாம் யாரும் சொல்லாமலே நான் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவர்கள் பேச்சும் சிரிப்புமாக மஞ்சள் பூசி, பூச்சுற்றி, ஒரு சாண் ஆழத்தில் மூங்கிலை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். ஒரு சாண் குழியில் நிற்கிற கம்பு காற்று வந்தால் தாங்குமா? அவர்கள் உள்ளே போனதும் நான் வந்து அந்தக் காலைப் பிடுங்கி, கடப்பாரையால் குழியை ஆழமாக்கி, பூவும் மஞ்சளும் கலையாமல் திரும்ப நட்டு, மண்ணைக் குத்தி இறுக்குவேன். இத்தனை வருஷமாக எல்லா வீட்டுக்கும் இப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பாஸ்கரின் அம்மா விசாலம் கட்கியிலிருந்து வந்திருந்தார். நல்லவிதமாகத்தான் பேச்செடுத்தார், கால் நடறதுக்கு அஞ்சு சுமங்கலிங்கள நானே கூட்டியாறேன், நீங்க அந்தக் கவலய விடுங்க என்றார். தாராளமா கூட்டிக்கிட்டு வாங்க, மஞ்சள் பூசட்டும், பூச்சுத்தட்டும், ஆனா என் பொண்ணு பந்தக்கால நான்தான் நடுவேன் என்றேன். முகம் மாறிவிட்டது. பிள்ளைங்க நல்லா இருக்கணுமில்ல, அதுக்குத்தானே இதெல்லாம் என்றார். அப்போதுதான் உங்க பெரிய பையன் வாசுதேவன் கல்யாணத்துக்கும் நம்ம கடை பந்தல்தான், நீங்க நட்டுட்டுப் போன கால நான் பிடுங்கி மறுபடி நட்டேன், அன்னைக்கு ராத்திரி அடிச்ச காத்துக்கு அதுதான் நின்னுச்சு, வாசுதேவன் நல்லா இருக்கானா இல்லியா நீங்களே சொல்லுங்க என்று கேட்டுவிட்டேன். அவர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன், ஆனாலும் சொன்னதற்கு வருத்தப்படவில்லை. பிறகு அவர் மெதுவாக, அன்னைக்கு எங்க வீட்ல நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். காய்ப்பு ஏறிய என் கையைப் பார்த்துவிட்டு, கால் நடற வெள்ளிக்கிழமை விடியக்காலையே வந்துடறேன், குழிய நீங்க தோண்டுங்க, மூங்கில நான் புடிச்சுக்கறேன் என்று சொல்லி எழுந்தார். அவர் ஆட்டோ ஏறிய பிறகு நன்றாக அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

உன் அத்தை தர்மாம்பாள் விஷயம் கேட்டுக் கோபத்தில் இருக்கிறாள், கோபித்துக்கொண்டே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். காரியாலயத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. சீலிங்குக்குப் புது வெள்ளைத் துணி, மேலே இரட்டைத் தாட்பத்ரி, ரஃபீக் பார்த்துக்கொள்வான். உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த வாழ்வும் கிடைக்க என் ஆசீர்வாதம். லீவு கேட்கத் தயங்காதே, கால் நடுகிற அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கட்டாயம் வந்துவிடு. முகூர்த்தத்தன்று கயிற்றையும் கம்பையும் ரஃபீக்கிடம் விட்டுவிட்டுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் உட்காரப்போகிறேன், அப்பா போன பிறகு நான் கட்டிய பந்தலுக்குள் நானே உட்காருவது அதுதான் முதல் தடவை.

உன் அம்மா
பவுன்