ஒரே ஒரு ஞாயிறு வாசித்த ஓலை

மன்னார்குடி,
13.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

ஆர்த்தி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமைதோறும் விடுதியிலிருந்து நான் ஊருக்கு வந்ததும் வளவன் அண்ணன் என் போனை வாங்கிப் பார்க்கிறான். உங்கள் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே நூறு அடிதான். ஆனால் நான் அங்கே வந்து நின்றால் ஊரே பார்க்கும். அதனால் நீங்களும் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலக முகவரிக்கே எழுதுங்கள். இங்கே தபாலைப் பிரிப்பவள் நான்தான்.

நவம்பர் 29, சனிக்கிழமை, உங்கள் மகன் நர்ஸ் வேலை பார்க்கும் மால்டாவில், கடலோர மாதா கோயில் ஒன்றில் திருமணம் என்று முடிவாகிவிட்டது. நான் மதம் மாற வேண்டியதில்லை. ஆயரின் அனுமதி இருந்தால் போதும் என்றார்கள். மூன்று நாள் திருமண வகுப்புக்கும் போய் வந்தேன். வீட்டில் நூலகப் பயிற்சி என்று சொன்னேன். அங்கே ஏற்பாடுகளைக் கவனிக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர்? ஒருவர். அது நீங்கள். பெண் வீட்டார்? பூஜ்யம் போட்டேன். எண் விடுபட்டுவிட்டதா என்று மறுபடி கேட்டிருக்கிறார்கள்.

இப்போது என் பயம் ஒன்றுதான். உங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களையும் பெற்றோர் பெயர்களையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்களாமே, அந்த ஓலை. அதை வாசிக்காமலிருக்க விலக்குக் கேட்டு உங்கள் மகன் ஆயர் இல்லத்துக்கு எழுதியிருக்கிறார். நான் விமானம் ஏறும்வரை என் பெயர் அந்தக் கோயிலில் ஒலிக்க வேண்டாம். இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆர்த்தி


சேசு மரி சூசை துணை
18.10.2025

அன்பு மகள் ஆர்த்திக்கு, ராசம்மாள் எழுதிக்கொண்டது.

கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்த கை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கால் வலி அப்படியேதான். நடவு முடிந்துவிட்டது. என் ஒன்றரை ஏக்கருக்கு உங்கள் வயல் வழியாகத்தானே தண்ணீர் வர வேண்டும்? உன் அப்பா மடையைச் சரியாகத் திறந்துவிடுகிறார், குறை சொல்லக் கூடாது. நேற்றுகூட, "மால்டாவுல உன் மகனுக்குச் சோறு கெடைக்குதா, இல்ல ரொட்டிதானா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஓலை வாசிக்காத கல்யாணம் எங்கள் தெருவில் நடந்ததில்லை. வாசித்தால் கல்யாணம், வாசிக்காவிட்டால் ஓடிப்போனதுகள் என்பார்கள். இவன் அப்பா போன பிறகு நான் ஒருத்தியாக வளர்த்த பிள்ளை. ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில் அவன் பெயரை ஒருமுறை சொல்லக்கூட முடியாதா?

உன்னோடு வருகிறேன். ஆனால் பத்தே நாள்தான். தை அறுப்புக்கு நான் இங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ராசம்மாள்


மன்னார்குடி,
27.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

விலக்குக் கிடைத்துவிட்டது. ஓலை வாசிக்கத் தேவையில்லை. விலக்குக் கடிதத்தைப் படித்ததும் நூலகத்தின் கடைசி அலமாரிக்குப் பின்னால் போய்ச் சற்று நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கேட்டது நியாயம். ஆனாலும் நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். உங்கள் மகனிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. நான் பன்னிரண்டாவது படித்தபோது பெரியப்பா மகள் பூமிகா அக்கா வேறு தெருப் பையனோடு போய்விட்டாள். அவர்கள் இரண்டு பேரும் திருப்பூருக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார்கள். பையனின் அம்மாவும் அப்பாவும் ஊரிலேயே இருந்தார்கள். ஒரு மாலை எங்கள் தெரு ஆண்கள் இருபது பேர் அந்த வீட்டுக்குப் போனார்கள். ஓடு ஒன்று மிச்சமில்லை. தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக் கிணற்றில் போட்டார்கள். அந்த அம்மாவுக்குக் கை முறிந்தது.

அப்பா அங்கிருந்து வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். "ரசத்துல உப்பு கம்மி" என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து வைத்தேன்.

பயத்தைப் பற்றி எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன், அத்தை. அந்த ஜாடியின் கனம் ஒன்றிலும் இல்லை. நாங்கள் கடல் தாண்டிவிடுவோம். அவர்கள் கைக்கு எட்டுவது நீங்கள் மட்டும்தான். பத்து நாள் என்று சொல்லாதீர்கள். வாருங்கள், அங்கேயே இருங்கள்.

அன்புடன்,
ஆர்த்தி


சேசு மரி சூசை துணை
10.11.2025

அன்பு மகள் ஆர்த்திக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். படித்த பிறகும் ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் சாமியாரிடம் போய், ஒரே ஒரு ஞாயிறு, அதுவும் காலை ஐந்தரைப் பூசையில் ஓலை வாசியுங்கள் என்று கேட்டேன். "விலக்கு இருக்கேம்மா, எதுக்கு?" என்றார். நான் அழுததும் ஒத்துக்கொண்டார். வெளியூர்க்காரர், இந்தத் தெரு அந்தத் தெரு எல்லாம் அவருக்குத் தெரியாது. அந்தப் பூசைக்குப் பதினைந்து கிழவிகள்தான் வருவார்கள். உங்கள் ஆட்கள் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

நேற்று வாசித்தார். "மறைந்த அந்தோணிசாமி, ராசம்மாள் இவர்களின் மகன் சூசை தமிழ்மாறனுக்கும், துரைராசு, வள்ளியம்மை இவர்களின் மகள் ஆர்த்திக்கும்." என் நெஞ்சு நிறைந்துபோயிற்று. வாசித்து முடித்த பிறகுதான் கோபுரத்து ஒலிபெருக்கியில் சாமியார் இருமுவது கேட்டது. அது தினமும் ஓடுவதுதான், மகளே. நாற்பது வருடமாகக் கோயிலுக்குள் உட்கார்ந்தே கேட்டதில், வெளியே வயல்வரைக்கும் கேட்கும் என்பது என் புத்தியில் உறைக்கவில்லை.

பூசை முடிந்து வயலுக்குப் போனேன். உன் அப்பா மடையில் நின்றார்.

"என்ன ராசம்மா, மைக்குல உன் மகன் பேரு கேட்டுச்சு."

"ஆமாங்க."

"பொண்ணு எந்த ஊரு?"

"வெளியூருங்க" என்றேன்.

"அப்படியா" என்றார். மண்வெட்டியை வாய்க்காலில் அலசிக்கொண்டே இருந்தார். சேறெல்லாம் போன பிறகும் அலசினார்.

இனி வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன். உன் அப்பாவுக்கு உன் பெயரும் கேட்டதா கேட்கவில்லையா, தெரியவில்லை. இந்த வாரம் நீ ஊருக்கு வராதே.

ராசம்மாள்


மன்னார்குடி,
13.11.2025

அத்தை,

உங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மகன் பெயரோடு என் பெயரை ஒருவர் உரக்கச் சொன்னார் என்பதைப் படித்தபோது, பயத்துக்கு நடுவிலும் ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இன்று வளவன் அண்ணன் நூலகத்துக்கு வந்தான். இதுவரை வந்ததே இல்லை. ஒரு விவசாயப் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். போகும்போது, "இந்த வாரம் வரலயாமே, ஏன்?" என்றான். தேர்வு வேலை என்றேன். அவனுக்குத் தெரியுமா, இல்லை உரம் வாங்க வந்தவன் எட்டிப் பார்த்தானா? என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. விடுதி வாசலில் பைக் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

உங்கள் பாஸ்போர்ட் விசாவோடு இங்கே வந்துவிட்டது. 25ஆம் தேதி திருச்சியிலிருந்து இரண்டு டிக்கெட். திரும்பி வருவதில்லை என்று நீங்கள் சொன்னால்தான் நான் ஏறுவேன். இது மிரட்டல் இல்லை. அந்த உப்பு ஜாடியை இன்னொரு தடவை என்னால் எடுத்து வைக்க முடியாது.

ஆர்த்தி


சேசு மரி சூசை துணை
20.11.2025

அன்பு மகளுக்கு,

உன் அப்பாவுக்கு அன்றைக்கே கேட்டிருக்கிறது. இன்று மத்தியானம் என் வரப்புக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எம் பேரச் சொல்லித்தான ராசம்மா வாசிச்சாங்க?"

"என் தப்புத்தாங்க."

"தெருவுல ரெண்டு பேரு கேட்டாங்க. அது வேற துரைராசுன்னு சொல்லி வச்சிருக்கேன். வளவனுக்குச் சந்தேகம்தான், இன்னும் உறுதியாத் தெரியல. தெரிஞ்சா எல்லாரும் வருவாங்க."

நான் கையிலிருந்த களையை வரப்பில் போட்டேன்.

"நானும் வருவேன் ராசம்மா. வராம இருந்தா எனக்கு அந்தத் தெருவுல எடம் கெடையாது. அதனால நீ வீட்டுல இருக்காத. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

பொண்ணுகிட்ட ஏதாவது சொல்லணுங்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பயிரைப் பார்த்தார்.

"அங்க குளிருமா?" என்றார்.

தெரியலங்க என்றேன். போய்விட்டார்.

அவரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். இத்தனை பயந்த மனிதர் என்பது இன்றுதான் தெரிந்தது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் திருச்சிக்கு, என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ ஊருக்கு வராமல் நேரே அங்கே வந்துவிடு. திரும்புகிற பேச்சை இனி எடுக்க மாட்டேன். பயிர் இன்னும் கதிர் விடவில்லை. யார் அறுக்கிறார்களோ அறுக்கட்டும். கோழிகளைப் பக்கத்து வீட்டில் விட்டாயிற்று. இவன் அப்பா படத்தையும் ஜெபமாலையையும் பையில் வைத்துவிட்டேன்.

வீட்டைப் பூட்டப் போவதில்லை. பூட்டினால் உடைப்பார்கள். நல்ல தேக்குக் கதவு. சாத்திவிட்டு மட்டும் வருகிறேன்.

உன் அத்தை,
ராசம்மாள்