நீங்கள் கேட்ட ஒரு வாரம்

பெர்ன்ஹில்லில் உள்ள நம் பழைய அலுவலகத்தைக் காலி செய்கிறோம். இன்று காலை அலமாரியின் அடித்தட்டில், ஈரவாடை பிடித்த துணிப்பைக்குள் நான்கு பழைய பட்டன் போன்கள் கிடைத்தன. சோதனைக்கென்று நீங்கள் வாங்கி வந்தவை. ஒன்றைக்கூட நாம் இயக்கிப் பார்க்கவில்லை.

மழை அளவு கூடினால் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு மண்சரிவு எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் மென்பொருளை நாம் செய்துகொண்டிருந்தோம். நான் பொறுப்பாளர், நீங்கள் சோதனையாளர். தேவையைக் கேட்பது, வடிவமைப்பது, நிரல் எழுதுவது, சோதிப்பது, பிறகுதான் மக்கள் கையில் கொடுப்பது என்ற வரிசையை நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்களோ முதல் படியிலேயே கட்டபெட்டு எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறி, வீடு வீடாகப் போய்விட்டு வந்தீர்கள்.

"பாதிப் பேருகிட்ட பட்டன் போன்தானுங்க. அதுல தமிழெழுத்து வருதான்னு பாக்கோணும்."

குறித்துக்கொண்டேன். வடிவமைக்கும்போது மறந்தேன். எழுதும் வேலை இழுத்தது. இழுத்த நாட்களையெல்லாம் உங்கள் சோதனை நாட்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். தொடக்க விழாவுக்குத் தேதியும் சொல்லியாயிற்று.

"ஒரு வாரம் மட்டும் குடுங்க" என்று கேட்டீர்கள்.

"குறை இருந்தா குடுத்த பின்னால பராமரிப்புல சரி பண்ணிக்கலாங்க" என்றேன்.

"குறை இருக்குதுன்னு மழை பேஞ்சாத்தானுங்க தெரியும்?"

வெளியிடலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. செய்தி சரியான நேரத்தில்தான் போனது. ஆனால் பட்டன் போன்களில் வெறும் கட்டங்களாக வந்து விழுந்தது. லைனின் கடைசி வீட்டுப் பெண், ஏதோ விளம்பரம் என்று அதை அழித்துவிட்டு உலை வைக்கப் போயிருக்கிறார். சாயங்காலம் பின்பக்க மண்சரிவில் சுவர் விழுந்தது. அவருடைய கணவரை உயிரோடு எடுக்க முடியவில்லை.

விசாரணைக் கூட்டத்தில் உங்களைத்தான் கேட்டார்கள், சோதித்தீர்களா என்று. நீங்கள் ஒருமுறை என்னைப் பார்த்தீர்கள். நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"முழுசாச் சோதிக்கலீங்க" என்றீர்கள். ஒரு வாரம் கேட்டதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த மாதமே வேலையை விட்டீர்கள். பட்டன் போன்களுக்கு ஆங்கில எழுத்திலேயே தமிழை அனுப்பும்படி இரண்டே நாளில் மாற்றினோம். பராமரிப்புப் பதிவேட்டில் "சரிசெய்யப்பட்டது" என்று எழுதியது நான்தான். அந்தப் பெண்ணைப் பார்க்க நீங்கள் மூன்று முறை போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு ஒருமுறைகூடக் கால் எழவில்லை.

போன மாதம் நீங்கள் காய்ச்சலில் இறந்த செய்தி வந்தது. கோத்தகிரியில் உங்கள் வீட்டு வாசலில் உங்கள் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆபீஸ்ல இருந்தது நீங்கதானுங்களா? எங்கக்கா உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்லீங்க."

நீங்கள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உங்கள் தம்பியாவது என்னைக் கேட்டிருப்பார். நானும் ஒருவரிடமாவது ஒத்துக்கொண்டிருப்பேன். கேட்க யாருமில்லாமல், அந்தப் பழி முழுவதும் என்னிடமே இருக்கிறது.