ஒதுங்க ஒரு முழம்

இல்லாதவருக்குக் கடிதம் எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. நீர் இருந்தபோதே உமக்கு முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலக் கதைக்காதவள் நான். குறை நினையாதேயும். இன்று காலை அப்பா வேலிக்கு நடக் கிளுவைக் கதியால் வெட்டி முற்றத்தில் போட்டிருக்கிறார். அந்தப் பச்சைப் பிசின் மணம் வீட்டுக்குள் வந்ததிலிருந்து வேறொரு வேலையும் ஓடவில்லை.

எங்கள் வீட்டடியில் றோட்டு வளைகிற முடக்கை உமக்குச் சொல்லத் தேவையில்லை. மானிப்பாயிலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க அதால்தான் தினமும் வருவீர். சண்டையால் பெற்றோல் இல்லாத காலம். ஊர் முழுக்கச் சைக்கிளும் நடையும்தான். மண்ணெண்ணெயில் ஓடும் வான்களும் லொறிகளும், நின்றால் திரும்ப ஸ்ராட் வராது என்ற பயத்தில், முடக்கிலும் வேகம் குறைப்பதில்லை. இரண்டு பக்கமும் வேலி. ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் கதியாலை நாலு விரல் வெளியே நட்டு, எங்கள் ஆட்கள் வேலியை றோட்டுப் பக்கம் அரக்கிக்கொண்டே வந்திருந்தார்கள். சைக்கிளை விட்டு இறங்கினால் ஒதுங்க இடமில்லை. உம்முடைய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே அடிபட்ட பிறகுதான் நீர் தொடங்கினீர். முடக்கிலுள்ள நாலு வீட்டுக்காரரும் வேலியை ஒரு முழம் உள்ளே எடுக்கவேண்டும். அவ்வளவுதான் உம்முடைய கோரிக்கை.

கம்பஸில் ஒன்றாகப் படித்த பழக்கத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனீர்.

"நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். பக்கத்திலை நிண்டாக் காணும்."

நின்றேன்.

எதிர்வீட்டு மாமா படலையைத் திறக்காமலே கேட்டார். "வானத்திலையிருந்து குண்டு விழுது. பிள்ளையள் வேலிக்கு வந்து நிக்கிறியள்."

"குண்டு போடுறவனோடை எங்களாலை கதைக்கேலாது மாமா. உங்களோடை கதைக்கலாம்," என்றீர்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உவளை வக்கீலுக்குப் படிப்பிச்சிருக்கவேணும். சரி, எடுக்கிறன். முதல்லை முன்வீட்டுக்காரன் எடுக்கட்டும்."

முன்வீட்டுக்காரன் என்றது என் அப்பாவை. அப்பாவும் மறுக்கவில்லை. "ஓம், எடுக்கலாம். ஆனா நான் முதல் எடுத்தா றோட்டு என்ரை பக்கம் வந்திடும். அவன் தன்ரை வேலியை இன்னும் வெளியாலை கொண்டருவான். அவன் எடுக்கட்டும், அடுத்த நாள் நான் எடுக்கிறன்."

மற்ற இரண்டு வீடும் இந்த இரண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தன. "ஓம் எண்டு சொல்லாத ஆளும் இல்லை, எடுத்த ஆளும் இல்லை," என்று எங்கள் படலையடியில் நின்று சிரித்தீர். பிறகும் விடாமல் வந்தீர்.

மழை விட்ட ஒரு காலை அந்த லொறி வந்தது. நீர் இறங்கிச் சைக்கிளைப் பிடித்தபடி எங்கள் வேலியோடு ஒட்டி நின்றீர். அதற்கு மேல் பின்னால் போக இடமில்லை. சத்தம் கேட்டு முதலில் ஓடியது அப்பா. கிளுவை முள்ளு உம்முடைய சேலையை விடவில்லை. அவர் கத்தி எடுத்து வந்து, தன்னுடைய வேலியை வெட்டித்தான் உம்மைத் தூக்கினார். ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் ஒருவர் சொன்னார்: "ஷெல்லுக்குத் தப்பின பிள்ளை."

அந்தக் கிழமையே நாலு வேலியும் உள்ளே போயின. யார் முதல் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு காலைப்பொழுது வேலைதான் அது. அதைத்தான் என்னால் இன்னமும் பொறுக்க முடியவில்லை.

இரண்டு மாரி போய்விட்டது. போன கிழமை எதிர்வீட்டு மாமா வேலி அடைத்தார். கதியால் நாலு விரல் வெளியே. அப்பா பார்த்துவிட்டு வந்து கத்தியைத் தீட்டினார். அந்த லொறிக்குப் பிறகு கனகாலம் முடக்கால் போகாமல், தோட்டத்துக்கு வயல் வரம்பால் சுற்றிப் போன மனிசன்.

"எங்கடை வேலி எங்கை வரும் அப்பா?"

"அவன்ரை வந்த அளவுக்கு வரும்." பிறகு, என் முகத்தைப் பாராமல், "நான் மட்டும் உள்ளுக்கை விட விசரனே?"

அவருடைய தோட்டத்து வெங்காயத் தறைதான் என்னைக் கம்பஸ் வரை அனுப்பியது. அவரை எதிர்த்து இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. நாளைக் காலை வேலி அடைக்க ஆட்கள் வருகிறார்கள். எதிர்வீட்டு மாமாவையும் கூப்பிட்டிருக்கிறேன். முடக்கில் நின்று நான் கதைக்கப்போகிறேன். உமக்கு வருகிற பகிடி எனக்கு வராது. என்ன சொல்லி அவர்களை மறிப்பது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அந்தக் காலையைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை. நீர் நின்ற இடம், முள்ளில் மாட்டின சேலை, அப்பா வெட்டின வெட்டு. அதை எல்லாருக்கும் முன்னால் அவர் முகத்துக்கு நேரே சொன்னால் கதியால் உள்ளேதான் போகும். அதன்பிறகு அவர் என்னோடு கதைப்பாரோ தெரியாது. அதை நான் தாங்கிக்கொள்வேன்.

உம்முடைய அம்மா மட்டும் செத்தவீட்டில் என் கையைப் பிடித்து, "என்ரை பிள்ளையை ஊர்க்கதையாக்கிப் போடாதேங்கோ," என்று கேட்டா. இதுவரை ஆக்கவில்லை. அவவிடம் போய்க் கேட்க எனக்குத் துணிவில்லை. அதனால் உம்மிடம் கேட்கிறேன். நாளைக்கு ஒரு தரம், அந்த ஒரு முழத்துக்காக, நீர் செத்த விதத்தை நான் வாய்விட்டுச் சொல்லட்டுமா?