உங்கள் ஊர்க் கணக்கும் எங்கள் மேட்டுத் தெருவும்

என் அன்புக்குரிய உங்களுக்கு,

குட்டியும் நானும் நலம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மாமா வழுக்கி விழுந்துவிட்டார். பதறாதீர்கள், இடுப்பு தப்பியது. இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், கட்டுப் போட்டிருக்கிறது. "என் பிள்ளைக்குச் சொல்லாதேம்மா, வேலையைப் போட்டுட்டு ஓடி வருவான்" என்று சத்தியம் வாங்கப் பார்த்தார். நான் பிடி கொடுக்கவில்லை.

எத்தனை பேர் பஸ்ஸிலேயே போவார்கள், எத்தனை பேர் ரயிலுக்கு மாறுவார்கள் என்று சொல்ல, நீங்கள் வேலை பார்க்கும் ஊருக்காகச் செய்த கணினிக் கணக்கு மாடலை எங்கள் போக்குவரத்து அலுவலகம் வாங்கியது அல்லவா? ஜனத்தொகையையும் டிக்கெட் விலையையும் மட்டும் மாற்றிப் போட்டார்கள். மேட்டுத் தெரு பஸ்ஸை நிறுத்தினால் முக்கால்வாசிப் பேர் ரயிலுக்குப் போவார்கள் என்று வந்தது. சோதனையாக இந்த மாதம் நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் ஊர் உள்ளங்கை மாதிரி சமதளம். ரயிலடிக்குப் பத்து நிமிட நடை அங்கே ஒரு பொருட்டே இல்லை. இங்கே அதே பத்து நிமிடம் செங்குத்துப் படிக்கட்டு. மாடலுக்கு நிமிடம் தெரிகிறது, முழங்கால் தெரியவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய மாமா, மழையில் நனைந்த அந்தப் படியில்தான் விழுந்தார்.

ரயிலிலும் கூட்டம் கூடவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பாதிப் பேர் வெளியே போவதையே குறைத்துவிட்டார்கள். தையல் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா வேலையை விட்டுவிட்டார். "ஏறி இறங்கியே பாதி உயிர் போயிடுது, அப்புறம் எங்க தைக்கிறது?" என்றார். அந்தப் பதில்களோடு படியேறும் சிரமத்தையும் சேர்த்து மாடலைத் திருத்திப் பார்த்தேன். கால்வாசிப் பேர்கூட மாறவில்லை.

மேலதிகாரியிடம் காட்டினேன். "அங்க ஓடுற குதிரை இங்க மட்டும் நொண்டுமா? செஞ்சவரே ஒண்ணும் சொல்லலையே!" என்று சிரித்தார். புருஷன் செய்ததில் பெண்டாட்டி ஓட்டை பார்க்கிறாள் என்று வெளியே வேறு பேச்சு. மாதக் கடைசியில் பஸ்ஸை ஒரேயடியாக நிறுத்தக் கையெழுத்தாகிறது. அடுத்தது ஆஸ்பத்திரி மேட்டு பஸ்ஸாம்.

உங்கள் நிறுவனம் இந்த மாடலை ஊர் ஊராக விற்கிறது. நீங்கள் வாய் திறந்தால் உங்கள் நாற்காலி ஆடும். அது ஆடினால் நம் வீடும் ஆடும். கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் பயம். இருந்தும் கேட்கிறேன்: இந்த ஊருக்கு மறுபடி அளந்துதான் கணக்குப் போட வேண்டும் என்று நீங்களே என் மேலதிகாரிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்கு மட்டும்தான் அவர் காது கொடுப்பார்.

நேற்று மாமா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்த மடையன் போட்ட கணக்கும்மா இது?" என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன்.

சீக்கிரம் பேசுங்கள்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
உங்களவள்